நல்ல ஊழியரை மோசமான மேலாளர் ஆக்குவது யார்?

ஏப்ரல், மே மாதங்களில் சென்னை ராஜீவ் காந்தி சாலையின் பிரியாணிக் கடைகளில் மேசை கிடைப்பது கஷ்டம். அப்ரைசல் முடிந்து கடிதங்கள் வந்திருக்கும். ‘டீம் லீட்’ ஆனவர் ட்ரீட் வைத்தாக வேண்டும். கூட வேலை பார்த்த பத்துப் பேரும் வருவார்கள், தட்டிக்கொடுப்பார்கள், “இனிமே லீவு கேட்டா உடனே குடுத்துடணும் மச்சி” என்று கலாய்ப்பார்கள். அன்று ராத்திரி எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

வேறு கதை அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. மேனேஜரைக் கிண்டலடிக்கவென்றே வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று ஒரு செய்தியும் வருவதில்லை. எல்லோருக்கும் வேலை அதிகம் போல என்று புதியவர் நினைத்துக்கொள்வார். பேச்சு நின்றுவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது சில நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரியும். அவர் இல்லாத புதிய குழு ஒன்று உருவாகியிருக்கும். அதில் கிண்டலடிக்கப்படுபவர் இப்போது அவர்தான்.

ஐ.டி. துறைக்கு மட்டும் உரிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. திருப்பூரில் டெய்லராக இருந்து லைன் சூப்பர்வைசர் ஆனவர், ஒரகடத்தில் ஷிஃப்ட்டைப் பொறுப்பேற்ற டிப்ளமோக்காரர், கிளார்க்காகச் சேர்ந்து அதிகாரியாகி ஒரு சிற்றூர்க் கிளைக்கு மேலாளராக அனுப்பப்பட்ட வங்கி ஊழியர், வார்டு பொறுப்புக்கு வந்த செவிலியர் என எல்லோரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். ஒரு வேலையை நன்றாகச் செய்தார்கள் என்பதற்காகவே அந்த வேலையிலிருந்து எடுக்கப்பட்டு, இதுவரை செய்தே இராத வேறொரு வேலையில் போடப்பட்டவர்கள் இவர்கள். பலருக்கும் கிடைக்கும் ஒரே பயிற்சி, வாழ்த்துச் சொல்லும் மின்னஞ்சல்.

அப்படிப் போடப்பட்டவர் ஆறு மாதத்தில் தடுமாறினால், “நல்ல பையன்தான், ஆனா லீடர்ஷிப் குவாலிட்டி இல்ல” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது அநியாயம். தேர்ந்தெடுத்தவரும், தேர்ந்தெடுத்த கையோடு கைவிட்டவரும் அதே கூண்டில் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள்.

தேர்விலேயே கோளாறு

லாரன்ஸ் பீட்டர் என்ற கல்வியாளரும் ரேமண்ட் ஹல் என்ற எழுத்தாளரும் சேர்ந்து 1969-ல் ஒரு நக்கலான புத்தகம் எழுதினார்கள். பெயர் ‘பீட்டர் பிரின்சிபிள்’. நன்றாக வேலை செய்பவரை மேலே ஏற்றுவோம். அங்கும் நன்றாகச் செய்தால் இன்னும் மேலே ஏற்றுவோம். எந்த நாற்காலியில் அவருக்கு வேலை ஓடவில்லையோ அந்த நாற்காலியில் ஏற்றம் நின்றுவிடும், அங்கேயே அவர் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருப்பார். புத்தகத்தின் வாதம் இவ்வளவுதான். அலுவலக வாழ்க்கையைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், தங்கள் மேலதிகாரியை நினைத்துக்கொண்டார்கள், புத்தகம் அமோகமாக விற்றது.

ஐம்பது வருடம் கழித்து ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த நக்கலைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனை ஊழியர்கள் பற்றிய தரவு அவர்கள் கையில் இருந்தது. யார் எவ்வளவு விற்றார், யார் மேலாளர் ஆனார், ஆனபின் அவரது குழு எப்படி விற்றது என்பதெல்லாம் அதில் இருந்தது. 2019-ல் வெளியான முடிவு பீட்டரின் பக்கம் நின்றது. அதிகம் விற்பவருக்குத்தான் பதவி உயர்வு கிடைக்கிறது. ஆனால் அப்படி உயர்ந்த விற்பனை நட்சத்திரங்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை, மற்ற மேலாளர்களின் ஆட்களோடு ஒப்பிட்டால் மோசமாக இருந்தது. தனியாக விற்காமல் பிறரோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் நல்ல மேலாளர்களாக அமைந்தார்கள். பதவி உயர்வின்போது நிறுவனங்கள் கவனிக்காமல் விட்டது அந்தப் பழக்கத்தைத்தான்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சச்சின் டெண்டுல்கர் 25 டெஸ்ட்களுக்குத் தலைமை தாங்கி 4-ல் வென்றார். இங்கிலாந்தின் மைக் பிரியர்லி டெஸ்ட்டில் ஒரு சதம்கூட அடித்ததில்லை, சராசரி 23-ஐத் தொடவில்லை. அவர் தலைமை தாங்கிய 31 டெஸ்ட்களில் 18 வெற்றி, 4 தோல்வி. இருவருக்கும் கிடைத்த அணிகள் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் மட்டை பிடிப்பதும் ஆளை நடத்துவதும் இரண்டு தொழில் என்று இந்த எண்களைப் பார்த்த பிறகாவது ஒப்புக்கொள்ளலாம்.

அரசுத் துறைகளிலும் அரசுப் பள்ளிகளிலும் கோளாறு வேறு வகை. அங்கே திறமைக்குப் பதில் பணிமூப்பு பேசுகிறது. பொதுத்துறை வங்கிகளிலோ, பதவி உயர்வு என்றால் கூடவே ஊர் மாற்றமும் வரும் என்பதால், தகுதியுள்ள கிளார்க்குகள் பலர் அதிகாரி தேர்வே எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். கிளார்க்காக இருந்து மேலாளர் ஆகிறவர்கள் மிஞ்சியவர்களிலிருந்துதான் வருகிறார்கள்.

மேலாளரே வேண்டாம் என்று முடிவெடுத்துப் பார்த்த நிறுவனமும் உண்டு. 2002-ல் கூகுள் தன் பொறியாளர்களுக்கு மேலாளர்களே கூடாது என்று சோதனை செய்தது. சில மாதங்கள்தான் தாங்கியது. செலவுக் கணக்கு ஒப்புதலுக்கும், இரண்டு பேருக்குள் சண்டை என்றும் ஊழியர்கள் நிறுவனர் லாரி பேஜின் வாசலில் போய் நின்றார்கள். பிறகு 2008 வாக்கில் அதே நிறுவனம் தன் மேலாளர்களைப் பற்றி ‘புராஜெக்ட் ஆக்ஸிஜன்’ என்ற ஆய்வைத் தொடங்கி, நல்ல மேலாளருக்கு உரிய எட்டு நடத்தைகளைப் பட்டியலிட்டது. முதலிடம், ஆட்களைப் பயிற்றுவித்து வளர்ப்பதற்கு. தொழில்நுட்பத் திறன் பட்டியலில் இருந்தது, எட்டாவதாக. பொறியாளர்களுக்கென்றே பொறியாளர்கள் நடத்தும் கம்பெனியில்!

“விடுங்க, நான் பாத்துக்கறேன்”

புதிய மேலாளரின் வாயிலிருந்து வரும் வாக்கியங்களில் ஆபத்தானது இதுதான்.

வேளச்சேரியில் குடியிருக்கும் 29 வயதுப் பெண் பொறியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். டீமிலேயே வேகமாகக் கோடு எழுதுபவர் என்று பெயர் வாங்கி, இரண்டு மாதம் முன்புதான் லீட் ஆனார். ஜூனியர் பையன் அவர் மேசைக்கு வருகிறான். “ஒரு சின்ன இஷ்யூங்க. நேத்துலேர்ந்து முட்டிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் பாக்கறீங்களா?” அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தவறு தெரிகிறது. சொல்லிக்கொடுக்க முக்கால் மணி நேரம் ஆகும், தானே செய்தால் பத்து நிமிடம். மாலை ரிலீஸ். “விடுங்க, நான் பாத்துக்கறேன்.” பையன் நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறான். அவன் போனதும் இன்னொருவர் வருகிறார். இரவு பதினொன்றரைக்கு வீட்டில் எல்லோரும் தூங்கியபின் அந்தப் பெண் நான்கு பேருடைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். மறுநாள் காலை கிளையன்ட் காலில் அடுத்த காலாண்டுத் திட்டம் என்ன என்று கேட்கிறார்கள். யோசிக்க அவருக்கு நேரமே இருந்திருக்காது.

வில்லியம் ஆங்கனும் டொனால்ட் வாஸும் 1974-ல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரை இந்தக் காட்சியைப் பற்றியதுதான். அந்தப் பத்திரிகையின் வரலாற்றில் மிக அதிகமாக மறுபதிப்பு கேட்டு வாங்கப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஊழியரின் முதுகில் இருக்கும் பிரச்சினையை அவர்கள் குரங்கு என்றார்கள். “நான் பாத்துக்கறேன்” என்ற நொடியில் குரங்கு மேலாளரின் முதுகுக்குத் தாவிவிடுகிறது. தமிழில் எழுதியிருந்தால் வேதாளம் என்றிருப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. ஊழியர் தினமும் வந்து, “அது என்ன ஆச்சுங்க?” என்று மேலாளரை விசாரிப்பார். யார் யாருக்கு மேலதிகாரி என்பதே தலைகீழாகிவிடும்.

ஏன் அப்படிச் செய்கிறோம்? வேலை செய்யும் ஆசை மட்டும் காரணமில்லை. கைக்குப் பழகிய வேலையில் உடனே பலன் தெரியும், பாராட்டு வரும். மேலாளர் வேலையில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு சாயங்காலம், “இன்னிக்கு என்னதான் செஞ்சோம்?” என்று தோன்றும். அந்த வெறுமையை நிரப்பத்தான் புதியவர் பழைய வேலைக்கு ஓடுகிறார். இன்டெல் நிறுவனத்தை வளர்த்த ஆண்டி குரோவ் 1983-ல் எழுதிய மேலாண்மை நூலில் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். ஒரு மேலாளரின் உற்பத்தி என்பது அவரது குழுவின் உற்பத்தியும், அவர் செல்வாக்குள்ள மற்ற குழுக்களின் உற்பத்தியும் சேர்ந்ததுதான். அவர் தன் கையால் செய்தது தனிக்கணக்கில் வராது. இதை நம்பிக்கொண்டால் அந்த முக்கால் மணி நேரம் வீண் என்று தோன்றாது. பையன் கற்றுக்கொண்டதும் அந்த நாளின் உற்பத்தியில் சேர்ந்துவிடுகிறது.

அதற்காகக் கேட்டவரையெல்லாம், “நீங்களே பாருங்க” என்று துரத்திவிடுவதும் தவறு. குரோவ் இன்னொன்றும் சொன்னார். ஒருவரை எவ்வளவு நெருங்கிக் கண்காணிப்பது என்பது அவர் எவ்வளவு பெரியவர், எவ்வளவு புத்திசாலி என்பதைப் பொறுத்ததல்ல. அந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதைப் பொறுத்தது. பத்து வருட அனுபவசாலி முதல்முறையாக ஒரு புதிய கிளையன்டைச் சமாளிக்கப் போகிறார் என்றால், அந்த ஒரு வேலையில் அவரைத் தினமும் விசாரிக்கலாம். மற்றவற்றில் அவரை விட்டுவிட வேண்டும். ‘மைக்ரோமேனேஜ் பண்றாங்க’ என்ற புகாருக்கும் ‘கண்டுக்கவே மாட்டாங்க’ என்ற புகாருக்கும் காரணம் ஒன்றுதான். எல்லோரையும் எல்லா வேலையிலும் ஒரே கயிற்றில் கட்டுவது.

திருக்குறளில் ஆளைத் தேர்வதற்கு ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமும், தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு அடுத்தபடியாக ‘தெரிந்து வினையாடல்’ என்று தனி அதிகாரமும் உண்டு. நம் அலுவலகங்கள் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகின்றன.

ஜூனியர் வந்து நிற்கும்போது என்ன சொல்லலாம்? “ரெண்டு வழி யோசிச்சு வையுங்க. நாலு மணிக்குப் பேசலாம், எது சரின்னு நீங்க சொல்லுங்க.” பிரச்சினை அவரிடமே இருக்கும், உதவியும் கிடைக்கும். ரிலீஸ் அன்று மட்டும் இது நடக்காது. அன்று நீங்களே செய்துவிட்டு, மறுநாள் அவரை உட்காரவைத்து என்ன செய்தீர்கள் என்று காட்டுங்கள். அந்த மறுநாளை மறப்பவர்கள்தான் அதிகம்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் தையல் லைன். சூப்பர்வைசருக்கு 26 வயது. லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அவருடைய அம்மா வயது, அக்கா வயது. இவர் ஹெல்பராக வந்த காலத்தில் ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்ததே மூன்றாவது மெஷினில் இருக்கும் அந்த அக்காதான். இன்று அவர் தைத்த பீஸில் தோள்பட்டைத் தையல் கோணலாக ஓடியிருக்கிறது. ஷிப்மென்ட்டுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். பழைய சூப்பர்வைசர் கத்தியதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் இவரும் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவார், அக்கா அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார். அல்லது மரியாதை தடுத்து, எதுவும் சொல்லாமல் பீஸ்களை ஆல்டருக்குத் தள்ளிவிடுவார். அக்காவுக்குத் தவறு நடந்ததே தெரியாது, நாளையும் அப்படியே தைப்பார். கத்துவதைவிட இரண்டாவதுதான் அதிக சேதம் என்பது என் எண்ணம். கத்தினாலாவது என்ன தவறு என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

“அக்கா, ஒரு நிமிஷம். இந்த ஏழு பீஸ்லயும் தோள்பட்டைகிட்ட கோணிக்குது பாருங்க. காலையில வந்ததுல இல்ல, சாப்பாட்டுக்கு அப்புறம் வந்ததுல மட்டும் இருக்கு. மெஷின்ல ஏதாவது மாறுச்சா?” பீஸ் கையில் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, நேரம் இருக்கிறது, கேள்வி மெஷினைப் பற்றி. பெரும்பாலும் அக்காவே காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். மரியாதைக்கும் குறைவில்லை.

அலுவலகத்துக்கும் இதே கணக்குதான். “நீங்க எப்பவுமே லேட்டு” என்றால் எதிரில் இருப்பவர் ‘எப்பவுமே’ என்ற சொல்லோடு சண்டை போடுவார். “செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் கிளையன்ட் கால்ல நீங்க பத்து நிமிஷம் கழிச்சு வந்தீங்க. உங்க பகுதியை நான் சமாளிச்சேன். என்ன ஆச்சு?” என்றால் பேச வேண்டிய விஷயத்துக்கு வந்துவிடலாம். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று பயிற்சி வகுப்புகளில் கற்றுத்தரும் ‘சாண்ட்விச்’ முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாலு முறை அப்படிப் பேசினால் அதற்குப் பிறகு நீங்கள் மனதாரப் பாராட்டினாலும் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று ஆள் பயப்படுவார்.

நண்பர்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். உங்களுக்கு இப்போது அவர்களுடைய சம்பளம் தெரியும். வருடக் கடைசியில் ரேட்டிங் போட வேண்டும், பெல் கர்வ் இருக்கும் கம்பெனி என்றால் யாரையாவது கீழே தள்ளியாக வேண்டும். தினமும் ஒன்றாகச் சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு நல்ல ரேட்டிங் கிடைத்தால், காரணம் என்னவாக இருந்தாலும் கேன்டீனில் ஒரே காரணம்தான் பேசப்படும். நட்பை முறிக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. நிர்வாகத்தைப் பற்றிய வம்பில் இனி கலந்துகொள்ளக் கூடாது, அவ்வளவுதான். சில நாள் தனியாகச் சாப்பிட நேரும். ரேட்டிங்கின்போது யாருக்கும் அதிர்ச்சி வரக் கூடாது என்றால் சொல்ல வேண்டியதை அந்தந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். மார்ச்சில் வாசிப்பதற்காக ஜூலையிலிருந்து குறிப்பெழுதி வைப்பவர் மேலாளர் இல்லை, உளவாளி.

இன்னொருவரும் இருப்பார். அதே பதவிக்குப் போட்டியிட்டுக் கிடைக்காமல் போனவர். அவரிடம்தான் முதலில் போய்ப் பேச வேண்டும், பெரும்பாலான புதியவர்கள் கடைசியாகப் பேசுவதும் அவரிடம்தான். “இது உங்களுக்கும் கிடைச்சிருக்கலாம்னு எனக்குத் தெரியும். உங்க உதவி இல்லாம என்னால முடியாது. எந்த வேலையை முழுசா உங்க பொறுப்புல எடுத்துக்கறீங்க?” என்று கேட்டு, கேட்டதைக் கொடுக்கவும் வேண்டும். அதன்பிறகும் அவர் பேப்பர் போட்டால் போடட்டும்.

யுத்தகாலத்து வகுப்பறை

ஆட்களை நடத்தும் வித்தை பிறவியில் வருவது என்று நம்புபவர்களுக்காக ஒரு வரலாறு. இரண்டாம் உலகப்போர் மூண்ட சமயத்தில், 1940-ல் அமெரிக்கா ஒரு நெருக்கடியில் மாட்டியது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுத்தவர்களுக்கு வேலை தெரியாது. அவர்களைக் கண்காணிக்க நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர்களைத்தான் போட வேண்டும், அவர்களுக்குக் கண்காணிக்கத் தெரியாது. இதற்காக அரசு தொடங்கிய திட்டம் ‘ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’.

பாடத்திட்டம் ஆச்சரியமளிக்கும் அளவுக்குச் சிறியது. பாடம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வு, மொத்தம் 10 மணி நேரம். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை. வேலை கற்றுக்கொடுப்பது எப்படி, வேலைமுறையைச் சீராக்குவது எப்படி, ஆட்களோடு உறவை நடத்துவது எப்படி என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் நான்கே படி. கற்றுக்கொடுப்பதில், முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் உட்காரவைத்து அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது. பிறகு ஒவ்வொரு கட்டமாகச் செய்து காட்டுவது. பிறகு அவரைச் செய்யவைத்து, செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயால் சொல்லவைப்பது. கடைசியாகத் தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று காட்டிவிட்டு, அடிக்கடி வந்து பார்ப்பது, போகப்போகக் குறைத்துக்கொள்வது. தொழிலாளி கற்கவில்லை என்றால் குறை கற்பித்தவருடையது என்பது திட்டத்தின் அடிப்படை விதி. உறவு பற்றிய பாடத்தில் இன்னும் எளிமை. வேலை எப்படிப் போகிறது என்று ஆளுக்கு அவ்வப்போது சொல்லுங்கள், செய்தவருக்கு உரிய பெயரைக் கொடுங்கள், அவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள், அவர் திறமையைப் பூட்டி வைக்காதீர்கள்.

1945-ல் திட்டத்தை மூடும்போது 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தச் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கா அதை மறந்துவிட்டது. தோற்ற ஜப்பான் எடுத்துக்கொண்டது. 1950-களில் டொயோட்டா அதைத் தன் ஆலைகளுக்குள் கொண்டுபோனது. பிற்பாடு உலகமே வியந்து படித்த டொயோட்டா முறையின் வேர்களில் ஒன்று இந்தப் பத்து மணி நேர வகுப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இன்று ஜப்பானியச் சொற்களாகப் புழங்கும் பல பழக்கங்கள் இந்த வழியில் சுற்றி வந்தவைதான்.

நான்கு மாதம் பொறுங்கள்

பெண்களுக்கு இந்தப் பாதையில் கூடுதலாக ஒரு மேடு உண்டு. வங்கதேசத்தின் பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் மக்கியவெல்லோ, மென்செல், ரப்பானி, வுட்ரஃப் ஆகியோர் செய்த ஆய்வு இதை அளந்து காட்டியது. அங்கே லைனில் தைப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பெண்கள், சூப்பர்வைசர்களில் 95 சதவீதம் ஆண்கள். ஆண்கள்தான் நன்றாக மேற்பார்வை செய்வார்கள் என்று மேலிருந்து கீழ்வரை எல்லோரும் நம்பினார்கள். திறன்களைச் சோதித்தபோது அந்த நம்பிக்கை பல இடங்களில் உண்மையோடு பொருந்தவில்லை. பயிற்சி கொடுத்துப் பெண்களைச் சூப்பர்வைசர்களாகப் போட்டதும் தொழிலாளர்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். லைன் உற்பத்தியும் கொஞ்சம் பின்தங்கியதற்கான தடயங்கள் தெரிந்தன. சுமார் நான்கு மாதம் கூடவே வேலை செய்தபின் மதிப்பீடு, உற்பத்தி இரண்டும் ஆண்களின் அளவுக்கு வந்துவிட்டன.

இரண்டாவது மாதத்தில், “பொம்பள சூப்பர்வைசர் சரிவராது” என்று பதவியைப் பிடுங்கிய முதலாளிகள் எத்தனை பேரோ. திருப்பூரிலும் லைனில் பெண்களே பெருவாரி என்பதால் நமக்கு இந்த ஆய்வு தூரத்துச் செய்தி இல்லை.

மேலே இருப்பவர் என்ன செய்கிறார்?

ஹார்வர்டின் லிண்டா ஹில் 1992-ல் வெளியிட்ட நூலுக்காக 19 புதிய மேலாளர்களை அவர்களின் முதல் வருடம் முழுக்கப் பின்தொடர்ந்தார். பதவியோடு அதிகாரம் வந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள், எல்லாத் திசையிலும் கட்டுண்டு கிடப்பதைத்தான் உணர்ந்தார்கள். உதவி கேட்கலாமே என்றால், கேட்டால் தகுதியில்லாதவர் என்று மேலதிகாரி நினைத்துவிடுவாரோ என்ற பயம் தடுத்தது. நம் ஊரில் அந்தப் பயம் இரட்டிப்பு. “இதுகூடத் தெரியாமலா உன்னை லீடாக்கினோம்?” என்ற ஒரு கேள்வி போதும், ஒரு வருடத்துக்கு வாய் திறக்க மாட்டார்.

பயிற்சியும் நேரத்துக்கு வருவதில்லை. ஜாக் செங்கர் என்ற பயிற்சியாளர் 2012-ல் தன்னிடம் இருந்த பல்லாயிரம் பேரின் தரவைப் பார்த்து எழுதினார்: மனிதர்கள் ஏறக்குறைய 30 வயதில் மேற்பார்வைப் பதவிக்கு வருகிறார்கள், தலைமைப் பயிற்சி முதன்முதலாகக் கிடைப்பது சராசரியாக 42 வயதில். இடைப்பட்ட காலத்தில் பழகிய தவறுகள் எல்லாம் பாணியாகிவிடும்.

யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதிலும் தடுமாற்றம்தான். இந்தியாவின் பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பொருளாதார ஆய்வாளர் அச்யுதா அத்வர்யு குழுவினர் லைன் சூப்பர்வைசர்களுக்கு மென்திறன் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். யாரை அனுப்பலாம் என்று இடைநிலை மேலாளர்களிடம் சிபாரிசு கேட்டார்கள். மேலாளர்கள் உயர்வாகச் சிபாரிசு செய்தவர்களின் லைனில் பயிற்சியால் உற்பத்தி கூடவில்லை. சிபாரிசில் கடைசியில் இருந்தவர்களின் லைனில் 12 சதவீதம் கூடியது. மேலாளர்களுக்கு ஆள் தெரியாமல் இல்லை. சூப்பர்வைசர் ஒருவர் வேலையை விட்டுப்போனால் தலைவலி அவர்களுக்குத்தான், அதனால் போய்விடக்கூடியவர்களைப் பிடித்து வைக்கப் பயிற்சியைப் பரிசாகப் பயன்படுத்தினார்கள். பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்தது. அவரவர் கணக்கு அவரவருக்கு.

கலாமும் சதீஷ் தவனும் சம்பந்தப்பட்ட கதையை எல்லா மேடைகளிலும் கேட்டிருப்பீர்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 வங்கக்கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் தவன். 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் வென்றபோது, போய்ப் பேசும்படி கலாமை அனுப்பினார். தவனின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இது சொல்லப்படுகிறது, கலாமே பலமுறை சொன்னார். எனக்கு இது தவனின் வேலைக் குறிப்பு. தன் கீழே இருக்கும் தலைவன் தோற்கும்போது மேலே இருப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அன்றாடத்தில் இது பெரிய தியாகமாக இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள், அரை மணி நேரம். புதிய மேலாளரோடு அவருடைய மேலதிகாரி உட்கார வேண்டும். டெலிவரி எப்படிப் போகிறது என்று கேட்கவே கூடாது, அதற்கு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. “இந்த வாரம் யாரோட பேசறது கஷ்டமா இருந்தது? நீங்களே செஞ்சு முடிச்ச வேலை எது, ஏன்?” இந்த இரண்டு கேள்வி போதும். எஸ்கலேஷன் வரும்போது புதியவரைத் தாண்டி நேரே அவருடைய ஆட்களுக்கு ஃபோன் போடாமல் இருப்பது அடுத்த உதவி. ஒருமுறை அப்படித் தாண்டிவிட்டால் போதும், டீம் இனி யாரிடம் போகும் என்பது முடிவாகிவிடும்.

திரும்பி வரும் வழியும் திறந்திருக்க வேண்டும். ஆட்களை நடத்துவது எல்லோருக்கும் பிடிக்காது, பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் ஆர்க்கிடெக்ட் என்று தொழில்நுட்பத்திலேயே மேலே போகும் ஏணி காகிதத்தில் இருக்கிறது. ஆனால் பெண் பார்க்க வரும்போது, “மாப்பிள்ளைக்குக் கீழ எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?” என்று கேட்கும் ஊரில் அந்த ஏணியில் ஏற யார் முன்வருவார்? சம்பளமும் மரியாதையும் குறையாமல் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று ஒருவருக்காவது நடத்திக் காட்டிய நிறுவனத்தில்தான், அடுத்தவர் பயமில்லாமல் பதவியை ஏற்றுப் பார்ப்பார்.

அடுத்த ஏப்ரலில் உங்கள் மேசைக்கும் ஒரு பதவி உயர்வுக் கடிதம் கையெழுத்துக்கு வரலாம். அந்தப் புதியவருக்காக வாரம் அரை மணி நேரம் உங்கள் காலண்டரில் ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒதுக்க முடியாது என்றால் அவருக்கு ஹைக் மட்டும் கொடுத்து, இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.